திருடி வச்ச பிச்சி

மாசி மாசம் மூணாவது வெள்ளிக்கிழமை, பாளையங்கோட்டையில எங்க சாரல் பிளாட்ஸ்ல இருந்த செடியெல்லாம் தொட்டியோட கிளம்பி, அததுக்குத் தாய்ச்செடி எந்த வீட்டுல இருக்கோ அந்த வீட்டப் பாத்து நடக்க ஆரம்பிச்சுது. அன்னைக்குக் குழாயில தண்ணி வராத நாளு, எல்லாரும் குடத்தத் தூக்கிக்கிட்டு அலைஞ்சதுல மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் கவனிக்கல. மூணாம் மாடி எஸ்தர் டீச்சர்தான் முதல்ல பாத்தாவ. அவங்க வீட்டுச் சோத்துக்கத்தாழை ரெண்டாம் மாடிப் படியில நின்னுதாம். எந்தப் பய எடுத்து இங்க வச்சான்னு ஏசிக்கிட்டே மேல கொண்டு வச்சிட்டு, குடத்தோட திரும்பி வந்து பாத்தா அது ஒண்ணாம் மாடிப் படியில நிக்குது.

இதுக்கெல்லாம் காரணம் வடிவக்கா குடுத்த மருந்துதான்னு பிளாட்ஸ்ல முடிவு பண்ணிட்டாவ. வடிவக்கான்னா நான்தான், சங்கரவடிவு, ஒண்ணாம் மாடி, நாலாம் நம்பர் வீடு. இருக்கலாம், நான் என்னத்தக் கண்டேன். எப்பவும் செய்யுத மாதிரித்தான் அந்தத் தடவையும் செஞ்சேன்: ஊறுகா ஜாடில ஏழு நாள் புளிக்க வச்ச மோரு, கொட்டப்பாக்கு அளவுக்குக் கட்டிப்பெருங்காயம், இடிச்ச பூண்டும் பச்சமிளகாயும், ரெண்டு மூடி வேப்பெண்ணெ, எண்ணெ தண்ணியோட சேரணும்லா, அதுக்குப் பூந்திக்கொட்டை ஊறவச்ச நுரை. துணியில வடிகட்டி, பத்து பங்கு தண்ணி ஊத்தி, வெயில் இறங்கினப் பொறவு இலைக்கு அடியில படுத மாதிரித் தெளிக்கணும். மாவுப்பூச்சியோ அசுவினியோ இலைச்சுருட்டோ, எல்லாத்துக்கும் இதான். மருந்தோட சேத்து ஏச்சும் குடுப்பேன். "செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா குளம் வெட்டி வச்சிருக்க, வேரு அழுகாம என்னட்டி செய்யும்"னு கேப்பேன். ஏச்சு வாங்காம குணமான செடி எங்க பிளாட்ஸ்ல ஒண்ணு கிடையாது.

இன்னொரு முறையும் உங்களுக்குச் சொல்லணும், இல்லைன்னா இந்தக் கதை விளங்காது. எங்க பிளாட்ஸ்ல யாரும் யார்கிட்டயும் செடி கேக்க மாட்டோம். கேட்டு வாங்கின செடி பட்டுப்போவும், திருடி வச்சதுதான் தழைக்கும். அதனால வீட்டுக்காரி இல்லாத நேரமாப் பாத்து ஒரு கம்ப ஒடிச்சுக்கிடணும். எதிர்த்தாப்புல வாரவ அதக் கண்டுட்டா, கண்டதே தெரியாத மாதிரி முகத்தச் சுவரு பக்கம் திருப்பிக்கிடணும். வீட்டுக்காரி திரும்பி வந்து ஒடிஞ்ச இடத்தப் பாத்து, "எந்த நாசமாப் போறவளோ"ன்னு ஒரு ஏச்சு ஏசணும், அதுவும் முறைதான், ஏசினாத்தான் வேர் பிடிக்கும். பாத்தவ மட்டும் வாயத் தொறக்கக்கூடாது, தொறந்தா ரெண்டு வீட்டுச் செடியும் போயிரும். இப்பிடித்தான் இருவது வருசமா முப்பத்திரெண்டு வீடும் பச்சப்பசேல்னு நின்னுது. ஊர்வாய மூட உலைமூடி கிடையாதும்பாவ, எங்க பிளாட்ஸ்ல இருந்துச்சு.

ஒரே ஒரு செடியில மட்டும் யாரும் கை வைக்கக்கூடாதுன்னு எல்லார் முன்னாலயும் சொல்லி வச்சிருந்தேன். அது என் பால்கனிக் கம்பியில ஏறி நிக்க பிச்சிப்பூக் கொடி. எம்மவ கோமதி காலேஜ் படிக்கையில வச்சது. அவ அப்பா போன பொறவு எனக்கு இருந்தது அவ ஒருத்திதான். எட்டு வருசத்துக்கு முன்னால, டிராக்டர் மெக்கானிக் பையன் ஒருத்தனக் கட்டிக்கிடுதேன்னு வந்து நின்னா. வேற சாதி. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! படியில இறங்கிப் போறவ முதுகப் பாத்து, முப்பத்திரெண்டு வீடும் கேக்க, "இந்த வாசல மிதிச்சா ஒன் முகத்துல முழிக்க மாட்டேன், நீ எனக்குச் செத்துட்டட்டி"ன்னு கத்தினேன். என் கோவம் பால் பொங்குத மாதிரி, அடுப்ப அணைச்சா அடங்கிரும். மூணாம் நாளே அடங்கிட்டு. அதுக்குள்ள அவ போன் நம்பர மாத்திட்டா, அந்தப் பையன் வேலை பாத்த பட்டறையும் பூட்டிக் கிடந்துச்சு.

எதுத்த வீட்டு பிரம்முகிட்டதான் போயி அழுதேன். பிரம்மசக்தின்னு முழுப்பேரு, என்னவிட ஆறு வயசு இளையவ, அவளும் நானும் ஒரே வாரத்துல இந்த பிளாட்ஸுக்குக் குடி வந்தோம். பிள்ளை இல்ல அவளுக்கு. எம்மவளுக்குப் பாதி நாள் தலை பின்னிவிட்டதே அவதான். "ஏட்டி பிரம்மு, அவ எங்கயாவது கண்ணுல பட்டா வரச் சொல்லுட்டி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், சும்மா வந்து நின்னாப் போதும்"னு அவ மடியில விழுந்து அழுதேன். முந்தானையால என் கண்ணத் தொடச்சுவிட்டு, "வருவாக்கா, பெத்தவ மனசு அவளுக்குத் தெரியாதா"ன்னா. அவ சொன்னத நம்பி எட்டு வருசம் அந்தப் பிச்சிக்கு மோரும் பெருங்காயமும் தெளிச்சுக்கிட்டு கிடந்தேன். வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு எங்கண்ணன் குடும்பத்தோட சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போயி பத்து நாள் குடில் போட்டு இருப்போம். அந்தப் பத்து நாளும் செடிக்குத் தண்ணி ஊத்த என் வீட்டுச் சாவி பிரம்மு கையிலதான் இருக்கும். வேற யார்கிட்ட குடுப்பேன்?

தை மாசக் கடைசியில ஒருநாள் அவ வந்து, "எக்கா, வள்ளியூர்ல எங்க சித்தி மக வீட்டுச் செடியில வெள்ளை வெள்ளையா அப்பியிருக்காம், ஒரு பாட்டில் மருந்து தாயேன்"னா.

"என்ன செடி?"

"என்னமோ கொடி. எனக்கென்ன தெரியும்?"

"கொடின்னா சும்மா தெளிச்சாக் கேக்காது. பஞ்ச முக்கித் தண்டுல கணுக்கணுவா ஒத்தி எடுக்கணும். சோம்பேறித்தனம் பாத்தா கொடி போயிரும்னு ஏசிச் சொல்லு"ன்னு சொல்லி, பெரிய ஜூஸ் பாட்டில் நிறைய என் கையாலயே ஊத்திக் குடுத்தேன்.

அதுக்குப் பொறவுதான் இந்த நடை. நாம பாத்துக்கிட்டு நின்னா செடி நகராது, கண்ண எடுத்தாத்தான் நகரும். முதல் ரெண்டு நாளு படி இறங்க முடியாம எல்லாரும் கத்தினாவ, மூணாம் நாளு பழகிட்டு. ஒண்ணாம் மாடித் திருப்பத்துல செம்பருத்தி நின்னா அதச் சுத்திக்கிட்டு போறதும், பால்காரர் துளசிக்கு வழி விட்டு ஒதுங்கி நிக்கதும், அலுவலகம் போறவுக ரோஜாத்தொட்டிக்கு லிஃப்ட் கதவப் பிடிச்சுக்கிட்டு மேல விட்டத்தப் பாத்துக்கிட்டு நிக்கதும் சாதாரணமாயிட்டு. திருச்செந்தூருக்கு நடந்து போறவங்களுக்கு ரோட்டோரம் நீர்மோர் குடுக்க மாதிரி, அவங்கவங்க வாசல்ல வந்து நிக்க தொட்டிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தினாவ. சங்கச் செயலாளர் பீர் முகம்மது சார், தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, கீழ ஒரு அறிவிப்பு ஒட்டினாவ: "செடிகள் இடப்பக்கமாகச் செல்லும். குடியிருப்போர் வலப்பக்கமாக இறங்கவும். முறைத்துப் பார்க்க வேண்டாம்."

போகப் போகக் கள்ளத்தனமெல்லாம் வெளிய வந்துட்டு. குத்தாலத்துல நர்சரியில வாங்கினேன்னு பீர் சார் ஊரெல்லாம் பெருமை பீத்துன கருவேப்பிலை, நேரா எஸ்தர் டீச்சர் வீட்டு வாசல்ல போயி நின்னுச்சு. டீச்சர் சிரிச்ச சிரிப்பு கீழ் வீடு வரைக்கும் கேட்டுச்சு. சண்டையா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எல்லாருந்தான் கள்ளன், எல்லார் வீட்டுலயுந்தான் களவு போயிருக்கு, யாரு யார ஏச? பிரம்மு பால்கனிதான் ஒரே வாரத்துல மொட்டையாயிட்டு. பதினெட்டுத் தொட்டியும் ஒண்ணு விடாம இறங்கிப் போச்சு, அவளத் தேடி ஒரு தொட்டி வரல. "ஏட்டி, ஒனக்குன்னு ஒரு செடி இல்லியாட்டி"ன்னு கேலி பேசினேன். அவ சிரிக்கல. என் பிச்சியத் தேடியும் ஒண்ணும் வரல, அதுல எனக்கு ஒரே பெருமை. "பாத்தியளா, ஒருத்தி கை வைக்கல, என் சொல்லுக்கு அம்புட்டு மரியாதை"ன்னு படியில நின்னு சொன்னேன். அங்கன நின்ன அத்தன பேரும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாவ.

பங்குனி பொறந்த பொறவு, வள்ளியூர் பக்கமிருந்து நாலுவழிச்சாலையில ஒரு சிமெண்டுத் தொட்டி திருநெல்வேலியப் பாத்து நடந்து வருதுன்னு எல்லார் போன்லயும் படம் வந்துச்சு. கொடி ஒண்ணு குச்சியில சுத்தியிருக்கு, என்ன கொடின்னு படத்துல தெரியல. லாரிக்காரங்க தூரத்துலயே வண்டிய நிறுத்திட்டு வயக்காட்டப் பாத்துக்கிட்டு நின்னாவளாம். ரெண்டு போலீஸ்காரங்க முதுகத் திருப்பிக்கிட்டு நின்னு அதுக்கு ரோடு கடக்க வழி பண்ணிக் குடுத்தாவளாம். பொம்பளைக மஞ்சத்துணி கட்டிவிட்டு, குடம் குடமாத் தண்ணி ஊத்தினாவளாம். ஒரு நாளைக்கு ஒண்ணரைக் கிலோமீட்டர் தேறும்.

"பிரம்மு, நம்ம மருந்துதான்! ஒன் சித்தி மக வீட்டுக் கொடிதான்! அது யாரத் தேடிட்டி இம்புட்டு தூரம் வருது?"ன்னு கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்?"னு அடுப்படிக்குள்ள போயிட்டா. மறுநாளு வந்து, "எக்கா, நாம ஒருக்கா ராமேஸ்வரம் போயிட்டு வருவமா? ஒரு பத்து நாளு"ன்னா. பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கோயிலுக்குப் போகாம ராமேஸ்வரம் போறதுக்கு எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?

குழாயடியில அன்னைக்கு எனக்கு மனசு தாங்கல. "ஒரு செடிக்குத் தாயத் தேடி நடந்து வரணும்னு இருக்கு. எம்மவளுக்கு அந்தப் புத்தி இல்லையே, எட்டு வருசத்துல ஒருநாள் எட்டிப் பாக்கலையே"ன்னு வாய்விட்டு அழுதேன். எஸ்தர் டீச்சர் நிறைஞ்ச குடத்துலயே தண்ணி பிடிச்சுக்கிட்டு நின்னாவ, தண்ணி வழிஞ்சு போய்க்கிட்டே இருந்துச்சு. என் மேல உள்ள இரக்கம்னு நினைச்சுக்கிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாச் சிறுக்கி நான்.

உத்திரத்துக்கு முந்தின நாளு காலையில பத்து மணி இருக்கும், தொட்டி எங்க கேட்டுக்குள்ள வந்துச்சு. முப்பத்திரெண்டு வீட்டுச் சனமும் கீழ கூடி, பீர் சார் "ம்"னு சொன்னதும் ஒண்ணு போலச் சுவரப் பாத்துத் திரும்பினோம். சிமெண்டு தரையில உரசுத சத்தம் கேட்டுச்சு, படியில ஏறுத சத்தம் கேட்டுச்சு, பொறவு நின்னுட்டு. ஓடிப் போயி பாத்தா என் வாசல்ல நிக்குது. பிச்சி. மொட்டு விட்டிருந்துச்சு, என் பிச்சியில மொட்டுக்கு அடியில ஒரு செவப்பு ஓடும், அதே செவப்பு. என் செடியில கம்பு ஒடிச்சிருக்காவ. யாரு? பூட்டின வீட்டுக்குள்ள, பால்கனியில, யாரு வந்து ஒடிப்பா? சாவி பிரம்மு கையிலல்லா இருந்துச்சு?

அதுக்குள்ள ஒரு சின்னப்பிள்ளை, ஆறு வயசு இருக்கும், படியில தடதடன்னு ஏறி வந்துச்சு. "பீர் தாத்தா, எங்க செடி வந்துட்டா?"ன்னு கேட்டுச்சு. "டீச்சர், உங்க பூனை குட்டி போட்டுட்டா?"ன்னு கேட்டுச்சு. ஆளாளுக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு வந்த பிள்ளை, என்னச் சுத்திக்கிட்டு, வழியில நிக்க தொட்டியச் சுத்துத மாதிரிச் சுத்திக்கிட்டு நேரா எதுத்த வீட்டுக்கு ஓடி, "ஆச்சி!"ன்னு பிரம்மு சேலையக் கட்டிக்கிட்டுச்சு.

பின்னால படியில கோமதி நின்னா. மெலிஞ்சிருந்தா. கடைசிப் படியில காலு வைக்காம, ஒரு படி கீழேயே நின்னுக்கிட்டு, "வரலாமாம்மா?"ன்னா.

"எட்டு வருசம் கழிச்சாட்டி கேக்க?"ன்னேன்.

"வருசா வருசம் வந்தேன்மா. நீ கோயிலுக்குப் போன பொறவு பிரம்மு சித்தி போன் போடும், வருவேன். நம்ம வீட்டத் தொறந்துவிடும். ஒன் சேலைய மடிச்சு வச்சிட்டு, கட்டில்ல செத்த நேரம் படுத்திருந்துட்டுப் போவேன். இந்தப் பிச்சியும் அப்பம் ஒடிச்சு வள்ளியூருக்குக் கொண்டு போனதுதான். அம்மா என்ன சொல்லுதான்னு ஒவ்வொரு வருசமும் கேப்பேன். இந்த வாசல மிதிச்சா முகத்துல முழிக்க மாட்டேன்னு இன்னும் சொல்லுதன்னு சித்தி சொல்லும்."

நான் சொன்ன சொல்லுதான், இல்லைன்னு சொல்ல முடியுமா? ஒருநாள் கோவத்துல கத்தின சொல்ல எடுத்து வச்சு, எட்டு வருசம் புளிக்க வச்சு, வருசத்துக்கு ஒரு பாட்டிலா எம்மவளுக்குக் குடுத்திருக்கா. இந்தப் பக்கம் என் கண்ணையும் தொடச்சு விட்டிருக்கா.

திரும்பிச் சனத்தப் பாத்தேன். "நீங்க எல்லாரும் பாத்திய? எட்டு ஆடியும் பாத்திய?"

பீர் சார்தான் மெதுவாச் சொன்னாவ: "வீட்டுக்காரி இல்லாத நேரத்துல எடுக்கதப் பாத்தா சொல்லக்கூடாதுல்லா வடிவம்மா. நம்ம முறை அதுதானே."

"செடிக்கு வச்ச முறைய என் பிள்ளைக்குமா சார் செய்விய?"

எஸ்தர் டீச்சர் அழுதாவ. நான் மருந்து குடுக்காத வீடு அந்தக் கூட்டத்துல ஒண்ணு கிடையாது, என் மருந்துல பிழைக்காத செடி ஒண்ணு கிடையாது. முழுப்பூசணிக்காய ஒருத்தி சோத்துல மறைக்கலாம், முப்பத்திரெண்டு வீடும் சேந்து மறைச்சா நான் எங்க போயிச் சொல்லுவேன்?

"ஏன்ட்டி?"ன்னு பிரம்முவக் கேட்டேன்.

அவ அழல. பிள்ளை தலையத் தடவிக்கிட்டே சொன்னா: "கேட்டா நீ குடுத்திருப்பியாக்கா? நீ ஒரு வார்த்தை வான்னு சொன்னா அவ ஒன் வீட்டுக்கு வந்துருவா, பொறவு எனக்கு என்ன இருக்கு? வருசத்துல பத்து நாளு. ஒன் வீடு பூட்டிக் கிடந்த பத்து நாளத்தானக்கா எடுத்தேன்."

கையில வாரியல் இருந்திருந்தா அடிச்சிருப்பேன். இல்லாமப் போச்சு. அந்தப் பிள்ளை அவ சேலைக்குப் பின்னால இருந்து என்ன எட்டிப் பாத்து, "நீங்க யாரு?"ன்னு கேட்டுச்சு.

என்ன சொல்ல? "செடிக்கு மருந்து குடுக்கவ"ன்னேன்.

"உங்க பேரென்ன?"

"வடிவு."

"ஐ, எனக்கும் அதான் பேரு!"ன்னு சொல்லிட்டு மறுபடியும் சேலைக்குள்ள போயிட்டு. எம்மவ என் பேரத்தான் வச்சிருக்கா. அந்தப் பேர அஞ்சாறு ஆடியில எத்தனை தடவை ரெண்டு வீட்டுக்கும் நடுவுல உள்ள இந்த நடையில நின்னு கூப்பிட்டிருப்பாவ, எனக்குத் திரும்பிப் பாக்கக் குடுத்து வைக்கல.

சாயங்காலம் வரைக்கும் இருந்தாவ. சோறு பொங்கினேன், கோமதி சாப்பிட்டா, ரெண்டு பேரும் அதிகமாப் பேசல. கிளம்புத நேரம் பிள்ளை அதோட செடியக் கேட்டு அழுதுச்சு, தொட்டி தாய்ச்செடியோட ஒட்டிக்கிட்டு அசையல. நான் தண்ணி எடுக்க உள்ள போனேன். திரும்பிப் பாத்தா, பிள்ளை எக்கி நின்னு என் பிச்சியில ஒரு கம்ப ஒடிக்கப் போவுது. யாரு சொல்லிக் குடுத்திருப்பான்னு சொல்லணுமா? நடையில வழியனுப்ப நின்ன சனமெல்லாம் பழக்கதோசத்துல முகத்தச் சுவரு பக்கம் திருப்பிக்கிட்டு நிக்குது.

பிள்ளை கையப் பிடிச்சேன். "கேளுட்டி"ன்னேன்.

"கேட்டா பட்டுப்போவும்னு ஆச்சி சொல்லிருக்கு."

"பட்டாப் படட்டும். கேளு."

முழிச்சுக்கிட்டே, "ஒரு கம்பு தாங்க"ன்னு கேட்டுச்சு. ஒருத்தரும் திரும்பக்கூடாது, எல்லாரும் இங்க பாருங்கன்னு சத்தம் போட்டேன். முப்பத்திரெண்டு வீடும் பாக்க, நல்ல கணுவா மூணு கணு வச்சு என் கையால ஒடிச்சு, ஈரத்துணியில சுத்தி அந்தப் பிள்ளை கையில குடுத்தேன்.

இது ஆனி மாசம். எங்க பிளாட்ஸ்ல செடிக எல்லாம் போன இடத்துலயே நின்னுட்டு, இப்பம் ஒண்ணும் நடக்கல. என்கிட்ட மருந்து கேட்டு யாரும் வாரதில்ல. ஜாடிய நடையில வச்சிட்டு உள்ள போயிருவேன், நான் இல்லாத நேரமாப் பாத்து எடுத்துட்டுப் போவாவ. ஒருத்தரையும் ஏசுதில்ல. பிரம்முகூடப் பேச்சு கிடையாது, அவ கதவு தொறந்தா என் கதவு சாத்திரும். சாவிய வாங்கிட்டேன். கோமதியும் அவகிட்ட பேசுதில்லைன்னு சொன்னா. ஆடிக்கு இந்த வருசம் நான் கோயிலுக்குப் போகல, கோமதியும் பிள்ளையும் இங்க வாராவ.

தினமும் காலையில கோமதிக்குப் போன் போட்டு, "கம்பு துளிர் விட்டுதா?"ன்னு கேப்பேன்.

"இல்லம்மா."

"காஞ்சிட்டா?"

"காயல. நகத்தால கீறிப் பாத்தேன். பச்சையாத்தான் இருக்கு."

இன்னைக்குக் காலையில பிள்ளை போன வாங்கி, "ஆச்சி இருக்கா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. "இருக்கேன் தாயி, சொல்லு"ன்னேன்.

"நீங்க இல்ல. எதுத்த வீட்டு ஆச்சி. எங்கம்மா பேச விட மாட்டுக்கா. நீங்க குடுக்கியளா?"

கேட்டுட்டாளே. கேளுன்னு சொல்லிக் குடுத்தவ நான்தானே.

கதவத் தொறந்தேன். நடையத் தாண்டி, மூணு மாசமாத் தட்டாத கதவத் தட்டினேன். பிரம்மு வந்து நின்னா. போன அவ கையில குடுத்துட்டு, நான் முகத்தச் சுவரு பக்கம் திருப்பிக்கிட்டு நின்னேன்.